நட்ட முடிக்கு ஸ்மூத்திங்

ஜொகூர் பாரு பக்கம் கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டு முன்னறையைத் தடுத்துச் சின்னதாக ஒரு சலூன் நடத்துகிறேன். பெண்களுக்கு மட்டும். சுருட்டை முடியோடு வருகிறவர்களை ஸ்மூத்திங் செய்து நேர்முடியோடு அனுப்புவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட வீட்டில் என் கணவர் முன்வழுக்கையோடு திரிந்தது யாருக்கும் உறுத்தவில்லை, அவரைத் தவிர.

அவருக்குச் சிங்கப்பூர் தொழிற்சாலையில் வேலை. தினமும் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர். ஹெல்மெட் போட்டுப் போட்டுத்தான் முடி கொட்டியது என்பது அவர் கட்சி. அவருடைய அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதே இடத்தில்தான் கொட்டியிருந்தது. அவர்கள் தலையில் ஹெல்மெட் ஏறியதே இல்லை.

கடைசியில் ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக்குக்குப் போய் முடி நட்டுக்கொண்டு வந்தார். பின்மண்டையில் எடுத்து முன்மண்டையில் வைப்பது. சில வாரங்களில் நட்டதெல்லாம் உதிர்ந்தது. அப்படித்தான் உதிரும், பிறகு முளைக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தும், தலையணை உறையை உதறி உதறி முடி பொறுக்கினார். பிறகு முளைத்தது. ஆனால் பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் மாதிரி முறுக்கிக்கொண்டு முளைத்தது.

"இது என் முடியே இல்லம்மா. வேற ஆளோடத மாத்தி வச்சிட்டாங்க," என்றார் கண்ணாடி முன்னால் நின்று.

"உங்க பின்மண்டையில இருந்துதானே எடுத்தாங்க?"

"நான் குப்புறப் படுத்திருந்தேன். யாரு பாத்தா?"

அந்தச் சமயத்தில் கூலாயில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் மேடை ஏற வேண்டும், போட்டோவுக்கு நிற்க வேண்டும். "ஊருக்கே ஸ்மூத்திங் பண்றே, எனக்கு ஒரு தடவ பண்ணக்கூடாதா?" என்று ஆரம்பித்தார்.

நான் மறுத்துவிட்டேன். நட்ட இடம் அப்போதும் சிவந்திருந்தது. என் கிரீமின் நெடிக்கு நல்ல தலைக்காரர்களே கண்ணைக் கசக்குவார்கள். "டாக்டரக் கேக்காம உங்க தலையில கை வைக்க மாட்டேன்," என்றேன்.

"இந்தக் கடையில ஆம்பளைக்கு மதிப்பில்ல," என்று முறுக்கிக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமை மோட்டாரை சர்வீசுக்கு விடுவதாகச் சொல்லிக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பக்கத்துக் கடை வரிசையில் சலூன் வைத்திருக்கும் பெண், குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு இங்க உக்காந்திருக்காரு லா. ஸ்மூத்திங் வேணுமாம். தலை முன்னாடி பூரா புள்ளி புள்ளியா இருக்கு. கேட்டா கொசுக்கடிங்கிறாரு."

"தொடாத. இதோ வர்றேன்."

அப்போது என்னிடம் தலை அலசிக்கொண்டிருந்த வாடிக்கையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "நானும் வர்றேன்," என்று என்னை முந்திக்கொண்டு நடந்தார்.

என் கணவர் ரோஜா நிறப் போர்வைக்குள், தலையில் நாலு கிளிப்போடு உட்கார்ந்திருந்தார்.

"மோட்டார் சர்வீஸ் முடிஞ்சிருச்சா?" என்றேன்.

"அங்க ஆளு ஜாஸ்தி," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே.

துண்டு கட்டிய அம்மா குனிந்து அவர் தலையை ஆராய்ந்தார். "ஏன் அண்ணே, கொசு இவ்வளவு வரிசையாவா கடிக்கும்?"

கிளிப்புகளைக் கழற்றி வீட்டுக்கு அழைத்து வந்தேன். அடுத்த வாரமே கிளினிக்குக்குப் போனோம். நட்ட முடி முதலில் முரடாகத்தான் வரும், போகப் போகத் தானே பணியும் என்றார் டாக்டர். ஸ்மூத்திங்குக்கு ஒரு வருடமாவது ஆகட்டும், அப்போதும் தலையைக் காட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஃபார்மலின் கலந்த மருந்து ஆகாது. எந்த மருந்தும் தோலில் படக்கூடாது. முதலில் ஒரு கொத்து முடியில் மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும், அயர்ன் சூடு குறைவாக இருக்க வேண்டும்.

"அப்போ கல்யாணத்துக்கு என்ன பண்றது டாக்டர்?"

"தலைப்பாகை கட்டிக்குங்க. தாய்மாமனுக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் முடி நட்ட செய்தி எங்களுக்கு முன்பே கூலாய்க்குப் போயிருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் ஆளாளுக்கு, "கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க மாமா," என்று கேட்க, பாயசம் வருவதற்குள் பாதி மண்டபம் பார்த்து முடித்திருந்தது.

வருடம் திரும்பியது. டாக்டர் தலையைப் பார்த்துச் சரி என்றார். சுருள் கொஞ்சம் பணிந்திருந்தாலும் அவருக்கு ஆசை விடவில்லை. நான் நெடியில்லாத மருந்து வாங்கி, காதோரம் ஒரு கொத்தில் போட்டுப் பார்த்து, சில நாள் விட்டு, வேரை விட்டு ஒரு விரல் தள்ளித் தடவினேன். என் சர்வீசிலேயே அவ்வளவு பயந்து செய்த வேலை அது. முடி பட்டு மாதிரி நெற்றியில் படிந்தது.

அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் அந்தச் சுருள்தான் இடைவெளிகளை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. படிந்த முடிக்கு நடுவே மண்டை பளிச்சென்று தெரிந்தது.

"அலமாக்!" என்று அலறினார். "முடியெல்லாம் எங்க?"

"எங்கயும் போகல. படுத்திருக்கு."

"எழுப்பிவிடு!"

கழுவக் கழுவ மருந்து தானாகக் குறையும், பொறுங்கள் என்றேன். அவர் காலையும் மாலையும் ஷாம்பு போட ஆரம்பித்தார். பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சில மாதங்களில் முன்நெற்றியில் முதல் சுருள் எட்டிப் பார்த்தது. அதைக் காட்ட அவர் சலூனுக்குள்ளேயே வந்துவிட்டார். நாற்காலியில் இருந்த புது வாடிக்கையாளர் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, முடியச் சுருட்டி பெர்ம் பண்ணியிருக்கீங்களா? நல்லா இருக்கு."

"ஆமாம்மா," என்றார் கூசாமல். "என் வொய்ஃப்தான் பண்ணிவிட்டாங்க."