ஜப்பான் குட்டிக் காரை ஓட வைத்தது யார்

செங்கல்பட்டு ரயிலடிக்குப் பின்னால் முதல் லாரிப் பட்டறை போட்டது நான். கீற்றுக் கொட்டகையில் ஆரம்பித்தேன். ரெண்டு தடவை காற்றில் கூரை பறந்தது, மூணாவது தடவை ஓடு போட்டேன். லேத்து மெஷின் ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றி வந்தேன். பாதி வழியில் வண்டி அச்சு முறிந்தது, மீதித் தூரம் உருளைக் கட்டை வைத்து உருட்டியே கொண்டுவந்து சேர்த்தேன். ஒரு பஸ்ஸுக்கு முழுசாக வேப்ப மரத்தில் பாடி கட்டினேன். கிணறு வெட்டினேன், பாறை வந்தது, வெடி வைத்தேன், தண்ணீர் வந்தது. மாடி வீடு கட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு மதில் எடுத்துக் கொடுத்தேன். அதே பள்ளிக்கூடத்தில் மூணாங்கிளாஸோடு நின்றுபோனவன் நான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். யாரும் மறுக்கவில்லை. மறுக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்த வயசில் பேனா பிடித்திருக்கிறேன்.

ஜப்பான் கம்பெனி ஒன்று, யுத்தத்துக்கு முன்னால், தொழில் தொடங்கின காலத்தில் செய்த குட்டிக் கார்களில் ஒன்று நம் பக்கம் வந்து சேர்ந்தது. ஐம்பதுகளில் அதைச் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் வருஷக்கணக்காக ஓட வைத்தவன் நான். அந்தக் கம்பெனி இப்போது தன் சரித்திரத்தைத் தலையணை கனத்தில் புத்தகமாகப் போட்டிருக்கிறது. என் பேத்தி புருஷன் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், அவர் கொண்டுவந்து காட்டினார். அதில் என் கார் இருக்கிறது. ஓட வைத்தவர் என்று வேறு ஆளின் பேர் இருக்கிறது. கம்பெனி பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. முதலில் அவர்கள் என் பேரை எழுதட்டும்.

அந்தக் காருக்கு எனக்கு முன்னால் ரெண்டு சொந்தக்காரர்கள். முதல் ஆள் மதராஸில் ஒரு டாக்டர். இங்கிலீஷ் கார் வாங்க வசதி பத்தாமல் இதை வாங்கினார். அவருடைய அபிப்பிராயம் பட்டறை பட்டறையாகப் பரவி எங்கள் ஊர் வரைக்கும் வந்திருந்தது: பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும், ஆனால் மேடு வந்தால் இறங்கித் தள்ளித் தள்ளி நோயாளியைவிட டாக்டர் அதிகமாக மூச்சு வாங்குவார். யுத்தம் வந்ததும் ஜப்பான் சாமானுக்கு உதிரி கிடைக்கவில்லை. டாக்டர் வந்த விலைக்கு விற்றுவிட்டார்.

ரெண்டாவது ஆள் எங்கள் ஊர் ரைஸ் மில் முதலாளி. அவர் ஒரே ஒரு தீபாவளிக்கு ஓட்டினார். அப்புறம் அது மில் கொட்டகையில் நின்றது, பின் சீட்டில் கோழி அடைகாத்தது. ஒருநாள் மில் இன்ஜினை நான் சரிபண்ணிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"டேய், இந்த சனியனை இஸ்துகினு போயிடு. வூட்டுல அம்மா கோழி நாத்தம் தாங்கலன்னு கத்துது."

"முதலாளி, காகிதம்?"

"காகிதம் எங்க ஓடிடப் போகுது? எம் பேருல இருந்துட்டுப் போவட்டும். அப்பறமா மாத்திக்கலாம்."

அந்த 'அப்பறமா' வரவே இல்லை. நான் செய்த ஒரே தப்பு அதுதான். அன்றைக்குக் காகிதம் முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குக் கார் கிடைத்துவிட்டது. மூணு கோழியும் ஒரு சேவலும் இறங்கின பிறகு நான் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் வலது பக்கம், நம் ஊர் மாதிரியே. அதைப் பார்த்ததும் அந்த நாடு எனக்குப் பிடித்துப்போனது.

உதிரி ஒன்றுகூடக் கிடைக்காது. அதனால் ஒவ்வொன்றாக நானே பண்ணினேன். ஹெட் கேஸ்கட்டுக்குத் திருக்கழுக்குன்றத்துப் பாத்திரக்காரரிடம் செப்புத் தகடு வாங்கி, அவர் குடம் தட்டுகிற சுத்தியாலேயே தட்டி வெட்டினேன். பேன் பெல்ட்டுக்கு மில் தோல் பட்டை. பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்கு, ஒடிந்த லாரி ஸ்பிரிங்கில் ஒரு இலை வெட்டிச் சேர்த்தேன். மேல் கூரைக்குக் கடலோரக் குப்பத்தில் கட்டுமரப் பாய் வாங்கினேன். அதை எனக்குத் தைத்துக் கொடுத்த மீனவர், "காத்து அடிச்சா உன் காரு கடல்ல போயிடப் போவுது நைனா, ஸ்டியரிங்க கெட்டியாப் புடி" என்றார். தண்ணீர் கொதிக்கிற வியாதி இருந்தது. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பைப் பற்ற வைத்தேன், பொங்குகிற தண்ணீர் சொம்பில் தங்கும், ஆறினதும் திரும்ப உள்ளே போகும். பிற்காலத்தில் எல்லாக் காரிலும் அப்படி ஒரு டப்பா வைத்துத்தான் விற்கிறார்கள். போய்ப் பாருங்கள்.

வால்வுதான் படுத்தியது. டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற கம்பிக்கும் நடுவில் விடுகிற சந்து, எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. அதிகம் வைத்தால் தையல் மெஷின் மாதிரி டக்டக்கென்கும், குறைத்தால் சூடேறினதும் படுத்துவிடும். பிளேடு வைத்துப் பார்த்தேன், சினிமா டிக்கெட் வைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு தபால் கார்டைச் செருகி இறுக்கினேன். இன்ஜின் பூனைக் குட்டி மாதிரி உறுமியது. அன்றிலிருந்து என் டூல் பெட்டியில் எப்போதும் ஒரு தபால் கார்டு.

ரயிலடியில் வாடகைக்குப் போட்டேன். அங்கே நின்றதெல்லாம் படகு மாதிரி பெரிய பெரிய கார்கள். ஜப்பான் சாமான் என்றால் அந்தக் காலத்தில் சாவி கொடுத்தால் ஓடுகிற தகரப் பொம்மைதான் ஜனங்களுக்குத் தெரியும். டிரைவர்கள் விடுவார்களா?

"இன்னா அண்ணாத்த, காலைல சாவி குடுத்துட்டியா? எத்தினி சுத்து ஓடும்?"

"உன் வண்டி ஆவி வுட்டுகினு நிக்கசொல்லோ வருவேன். அப்ப எண்ணிக்கோ" என்றேன்.

சொன்ன மாதிரியே நடந்தது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்குக் கழுகு வரும், அதற்குள் சவாரியை மலையடியில் இறக்கிவிட வேண்டும். ஒருநாள் நாலு வாத்தியார்கள் என் காரில், ஒரு பெரிய குடும்பம் அந்தக் கேலிக்காரன் காரில். பாதி வழியில் அவன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மேல்துண்டால் விசிறிக்கொண்டிருந்தான். நான் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டினேன். அன்றைக்குக் கழுகு வந்தபோது என் வாத்தியார்கள் மலை மேலே நின்றார்கள். அந்தக் குடும்பம் மறுநாள் என்னைத் தேடி வந்தது.

அந்தக் காரில் இன்னொரு சங்கதி உண்டு. பானெட்டுக்கு உள்ளே ஒரு சின்னத் தகடு, அதில் கட்டம் கட்டமாக ஏதோ எழுத்து. திருக்கழுக்குன்றம் கோயில் குருக்கள் ஒருத்தர் சவாரி வந்தபோது, நான் தண்ணீர் ஊற்ற பானெட்டைத் திறந்தேன். எட்டிப் பார்த்தவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது கிரந்தமும் இல்லை, நாகரியும் இல்லை. எனக்கே வாசிக்க வரலைன்னா சாதாரண எழுத்தா இருக்காது. யந்திரத் தகடுப்பா. வெறும் கையால தொட்டுடாதே."

எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அவ்வளவு படித்தவர் சொன்னால் கேட்க மாட்டேனா? அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தகட்டுக்கு நல்லெண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தேன். விஷயம் பரவியதும் கல்யாணச் சவாரி கூடியது. பெண்ணை ஏற்றுவதற்கு முன்னால் பானெட்டைத் திறக்கச் சொல்லிக் கும்பிட்டவர்கள் உண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் வருஷா வருஷம் பரீட்சை வைப்பார், அவரே தகட்டைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார். "பிரேக் புடிக்குது. மத்தது எனக்குப் புரியல" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

ஐம்பதுகள் முடிகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் முதலாளி குடும்பத்தோடு மாமல்லபுரம் போக வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். பெரிய பாறைச் சிற்பத்துக்கு எதிரே நிறுத்தினேன். பின்பக்கப் பட்டையில் கிறீச்சென்று சத்தம் வந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, காருக்கு அடியில் படுத்து, போல்ட்டைக் கழற்றி, ஒரு கையால் பட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது தரையோடு தரையாக ஒரு ஜோடி பூட்ஸ் ஓடி வருவதைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. காருக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று நின்றது. ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் பூட்ஸ் நின்ற இடத்தில் ரெண்டு முட்டி வந்தது, மண்ணில் பேண்ட்டோடு. அப்புறம் தலைகீழாக ஒரு மூக்குக் கண்ணாடி முகம். அந்த முகம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தது.

ஜப்பான்காரர். மதராஸுக்கு வேலையாக வந்தவர், சிற்பம் பார்க்க வந்த இடத்தில் என் காரைப் பார்த்துவிட்டார். கூட வந்த மதராஸ் ஆபீஸ்காரர் ஒருத்தர் அவர் பேசுவதைத் தமிழில் சொன்னார்.

"இது யார் வண்டி?"

"என்னுது" என்று முதலாளி குரல் மேலே கேட்டது. "கண்ணு மாதிரி நான்தான் பாத்துகினு கீறேன்."

"முதலாளி, இருங்க, நானும் வரேன்" என்று கத்தினேன். கையை விட்டால் பட்டை நழுவிக் கார் என் நெஞ்சில் உட்காரும்.

"நீ வேலையப் பாருடா" என்றார். கேமரா கிளிக் என்றது. ஒன்றல்ல, மூணு.

போல்ட்டை முடுக்கி நான் வெளியே வந்தபோது பானெட் திறந்திருந்தது. ஜப்பான்காரர் குங்குமத் தகட்டை விரலால் தடவப் போனார்.

"ஐயையோ, தொடக்கூடாது, யந்திரம்" என்று முதலாளி தடுத்தார். அவர் வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான்தான் பெட்ரோல் நனைத்த துணி எடுத்துத் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்றால், அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். அது அவர் வீட்டுச் சாமான், நமக்கு என்ன உரிமை? மஞ்சள் போனது, எண்ணெய் போனது. உப்புக் காற்றில் காரின் மற்ற இடமெல்லாம் அரித்துக் கிடக்க, அந்தத் தகடு மட்டும் நேற்று அடித்த மாதிரி இருந்தது. ஜப்பான்காரர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். ஆபீஸ்காரர் சொல்லச் சொல்லச் சுற்றி நின்ற கூட்டம் வாய் பிளந்தது. முதல் வரி கம்பெனி பேர். ரெண்டாவது இன்ஜின் நம்பர். மூணாவது ஊற்ற வேண்டிய ஆயில். நாலாவது டாப்பெட் இடைவெளி.

"இதைப் படிக்கத் தெரியாமல் எப்படி இடைவெளி வைத்தார்கள் என்று கேட்கிறார்" என்றார் ஆபீஸ்காரர்.

முதலாளி மேலே வானத்தைப் பார்த்தார். நான் டூல் பெட்டியிலிருந்து தபால் கார்டை எடுத்து நீட்டினேன். ஜப்பான்காரர் அதை ரெண்டு விரலுக்கு நடுவில் பிடித்து உருட்டினார், தகட்டைப் பார்த்தார், மறுபடி கார்டை உருட்டினார். பிறகு இடுப்பை மடித்து எனக்குத் தலை குனிந்தார். முதலாளிக்கு இல்லை, எனக்கு. இடைவெளி அதேதான் என்று ஆபீஸ்காரர் சொன்னபோது என் காதில் கடல் சத்தம்கூட விழவில்லை.

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திருக்கழுக்குன்றம் சாலையில் ரெண்டு மைல் போய் வந்தேன். அவர் கண்ணை மூடி இன்ஜினைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் அந்தக் கம்பெனியில் பையனாகச் சேர்ந்தபோது இதே மாதிரிக் காருக்குத்தான் திருகு முடுக்கினாராம். யுத்தத்தில் எல்லாம் இரும்புக்குப் போய்விட்டது, எங்களிடம் இப்போது வரைபடம் மட்டும்தான் இருக்கிறது என்றாராம். சொம்பைத் திறந்து பார்த்து, நோட்டில் படம் வரைந்துகொண்டார். பிறகு என் பேரைக் கேட்டார். மூணு தடவை சொல்ல வைத்து, அவர் எழுத்தில் எழுதினார். கிளம்பும்போது தபால் கார்டைத் தரமுடியுமா என்று கேட்டார். என் கட்டைவிரல் கறையோடு கொடுத்தேன்.

கொஞ்ச வருஷம் கழித்து முதலாளியின் மகன், காகிதம் எங்களிடம் இருக்கிறது என்று காரை எடுத்துப் போய்ப் பழைய இரும்புக்குப் போட்டான். தகடும் போனது, சொம்பும் போனது. மிச்சம் இருப்பது அந்தப் புத்தகத்துப் படம் ஒன்றுதான். படத்தில் முதலாளி பானெட் மேல் கை வைத்து மந்திரி மாதிரி நிற்கிறார். கீழே, சொந்தக்காரர் தன் கையாலேயே பராமரித்தது என்று எழுதி அவர் பேர் போட்டிருக்கிறது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், காருக்கு அடியிலிருந்து ரெண்டு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

கம்பெனிக்காரர்களே, கேளுங்கள். உங்கள் ஆள் என் பேரை நோட்டில் எழுதினார், நான் கண்ணால் பார்த்தேன். அந்த நோட்டைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் செங்கல்பட்டுக்கு ஆள் அனுப்புங்கள், பட்டறை வாசலில் என் பேர் ரெண்டடி உயர எழுத்தில் இருக்கிறது. முதலாளி பேரை அழிக்கச் சொல்லவில்லை, கார் அவர் காகிதத்தில்தான் இருந்தது. ஆனால் அடுத்த பதிப்பில் அந்தப் படத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: இந்தக் காரை ஓட வைத்தவர் அடியில் படுத்திருக்கிறார், அவர் பேர் இது என்று. சின்ன எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.