காலுக்கு வரி இல்லை, வாய்க்கு உண்டு

லவோன் ஹொக்கனென் இரண்டு விஷயங்களுக்குப் பேர் போனவள். இருபத்தேழு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்த இருபத்தேழு வருஷத்தில் அவள் வாய் ஓய்ந்ததும் இல்லை. அமெரிக்காவின் மேல் மிச்சிகனில் முழங்கால் அளவு பனி கிடக்கும் சாலையில், ஊர்க்கதை பூராவும் பேசியபடியே பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

அவள் பயந்தது வரி இலாகாவுக்கு மட்டும்தான். எந்தக் காலத்திலோ பதினொரு டாலர் குறைத்துக் கட்டிவிட்டாள் என்று ஒரு கடுதாசி வந்தது. அன்றிலிருந்து பிப்ரவரி பிறந்தால் போதும், முதல் ஆளாக நூலகத்துக்கு ஓடிவிடுவாள். அங்கே ஓய்வுபெற்ற தபால்காரி பெர்னடின், ஊர்க்காரர்களுக்குக் காசு வாங்காமல் வரிப் படிவம் எழுதிக் கொடுப்பாள்.

அந்த வருஷம் ஊன்றுகோலோடு வந்தாள். பதினாலு மாசத்துக்கு முன்னால், ஊர் எல்லையில் உள்ள பெரிய கடையில், உப்பு மூட்டை அடுக்கிய இரும்பு அலமாரி அவள்மேல் சாய்ந்துவிட்டது. இடது கால் நசுங்கி ரத்தம் பீறிட்டது. முதலில் ஓடி வந்தவன் டேரில் நீமி. அந்தக் கடையில் பதினாறு வருஷமாக மூட்டை தூக்கியவன். தன் இடுப்பு பெல்ட்டை உருவி அவள் தொடையில் இறுக்கிக் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை நாற்பது நிமிஷம் பிடித்த பிடியை விடவில்லை. அந்த பெல்ட் மட்டும் இல்லையென்றால் பிணத்தைத்தான் எடுத்துப் போயிருப்பார்கள் என்று டாக்டரே சொன்னார்.

அந்த நாற்பது நிமிஷத்தில் இன்னொன்றும் நடந்தது. மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்து, "டேரில், அலமாரிக் கால் வளைஞ்சிருக்குன்னு நீ சொன்னப்பவே சரி பண்ணியிருக்கணும்ப்பா" என்றார். கேட்டது இரண்டே பேர், டேரிலும் லவோனும். ஒரே வாரத்தில் கடை பேச்சை மாற்றிவிட்டது. மூட்டையைச் சரியாக அடுக்காதது டேரிலின் தப்பு என்று சொல்லி அவனை வேலையைவிட்டு அனுப்பியது. அவன் இல்லை என்றான். தப்பு பண்ணினவன் வேறென்ன சொல்வான் என்று ஊரும் நம்பித் தொலைத்தது. லவோனின் வக்கீலோ, வழக்கு முடியும்வரை மூச்சு விடாதே என்று சொல்லியிருந்தார். அவளாவது, பேசாமல் இருப்பதாவது! ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இப்போது கடை சமாதானத்துக்கு வந்து பத்திரம் அனுப்பியிருந்தது. கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. வரி எவ்வளவு வரும் என்பதை மட்டும் கேட்டுக்கொள் என்று வக்கீல் சொல்ல, பத்திரத்தை மடியில் கட்டாத குறையாக நூலகத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"முதல்லயே சொல்லிட்டேன் லவோன், நான் தபால்காரி, வக்கீல் இல்லே."

"அந்தப் பதினொரு டாலர் கடுதாசியைக் கொண்டுவந்து போட்டவளே நீதானே? நல்லா மாட்டினே, படி."

பெர்னடின் ஒரு தடிப் புத்தகத்தையும் பத்திரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"காலுக்குன்னு எழுதியிருக்கிறது ஒண்ணேமுக்கால் லட்சம். உடம்புல பட்ட அடிக்கு, வலிக்கு, அதனால போன சம்பளத்துக்கு, எதுக்கும் வரி கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவைப் போன வருஷம் வரியில கழிச்சிருந்தா அந்தப் பங்குக்கு வரும். நீதான் கழிக்கலையே."

"அப்பாடா! புண்ணியவதி!"

"இரு, ஆடாதே. கீழே தனியா முப்பதாயிரம் போட்டிருக்கான். அதுக்கு வரி உண்டு."

"ஏன்? அதுவும் அதே கால்தானே?"

"இது காலுக்கு இல்லே, வாய்க்கு. நடந்ததைப் பத்தி யார்கிட்டயும் பேசமாட்டேன்னு நீ ஒத்துக்கறதுக்கு. கால் போனது நஷ்டம், அதை ஈடுகட்டறாங்க. வாயை மூடிக்கிறது அப்படியில்லே, உன்கிட்ட விலைக்கு வாங்கறாங்க. வருமானம்னா வரி கட்டித்தானே ஆகணும்."

லவோன் அந்தப் பத்தியை முன்பே பார்த்திருந்தாள். எல்லாப் பத்திரத்திலும் எழுதுவதுதான் என்று வக்கீல் சொன்னதால் தலையாட்டிவிட்டாள்.

"எத்தனை நாளைக்குப் பேசக்கூடாது?"

"சாகிறவரைக்கும்."

"டேரிலைப் பத்தி?"

பெர்னடின் கண்ணாடியைக் கழற்றினாள். "அவன் பேரையே எடுக்க முடியாது."

லவோனுக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கம்தான், வேறென்ன? தன் உயிரைப் பிடித்துவைத்தவனின் பேரை முப்பதாயிரத்துக்கு விற்க இருந்தோமே என்று பத்திரத்தைக் குப்புறக் கவிழ்த்தாள். வரி இலாகாவுக்கு வாழ்நாளில் முதல்முறையாக மனதுக்குள் நன்றி சொன்னாள். வக்கீல் மழுப்பியதை அவர்கள்தானே பட்டென்று பேர் சொல்லி எழுதிவைத்திருக்கிறார்கள்!

அங்கிருந்தே வக்கீலுக்குப் போன் போட்டாள். "அந்தப் பத்தியை எடுக்கச் சொல்லுங்க. முப்பதாயிரம் எனக்கு வேணாம்."

"லவோன், உன் கூரை ஒழுகுது."

"வாளி இருக்கு."

"அவங்க கோவிச்சுக்கிட்டு மொத்தத்தையும் இல்லேன்னுட்டா?"

"எடுக்கச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டாள். மூன்று வாரம் தூக்கமில்லாமல் கிடந்தாள். நாலாவது வாரம் புதுப் பத்திரம் வந்தது, அந்தப் பத்தியும் இல்லாமல், முப்பதாயிரமும் இல்லாமல். பேனா எழுதுகிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பணம் வந்த வாரமே, கறி சாப்பிடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் மீன் விருந்து. லவோன் நேரே டேரில் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தாள். தொளதொளத்த பேன்ட் நழுவாமல் தோளில் நாடா மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"நான் வரலே லவோன். என்னைப் பாத்தா எல்லாரும் அவங்கவங்க தட்டைப் பாக்கறாங்க."

"வரலேன்னா இந்தப் பனியிலேயே உக்காந்துடுவேன். அப்புறம் மறுபடி நீதான் தூக்கணும், பாத்துக்கோ."

கூடத்தில் நூறு பேருக்குக் குறையாது. லவோன் ஊன்றுகோலால் மேஜையைத் தட்டினாள்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் வாயை மூடுங்க. நான் பதினஞ்சு மாசம் மூடியாச்சு."

பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். மேனேஜர் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னாள். "அலமாரியை இவன் சாய்க்கலே. சாயப்போகுதுன்னு சொன்னவனே இவன்தான். நான் இன்னிக்கு இங்க நின்னு கத்தறேன்னா அது இவன் போட்ட பிச்சை." சொல்லும்போதே குரல் உடைந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மீன் பொரித்துக்கொண்டிருந்த தேவாலயக் கமிட்டித் தலைவர்தான் முதலில் வந்தார். கடைக்காரன் பேச்சை ஊரெல்லாம் பரப்பியவரும் அவர்தான். டேரில் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுடுப்பா, உக்காரு, சூடா எடுத்துட்டு வரேன்" என்றார். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள்.

டேரில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைச் சொல்றதுக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தே? நெசத்தைச் சொல்லு" என்று மெல்லக் கேட்டான்.

"உன் வேலையைப் பாரு" என்ற லவோன், பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவன் மடியில் போட்டாள். உள்ளே புது பெல்ட். பழையதை ஆஸ்பத்திரியில் கத்தரித்து எறிந்துவிட்டார்கள். அதன்பிறகு அவன் வேறொன்று வாங்கவே இல்லை.

"போட்டுக்கோ. காலுக்கு வந்த காசுல வாங்கினது. பெர்னடினைக் கேட்டுட்டேன், அதுக்கு வரி கிடையாதாம்."

டேரில் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க, அதை இடுப்பில் கட்டிக்கொண்டான்.