பெரியப்பாவைப் பற்றிக் கேட்டவர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தில் பெரியப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாச் சண்டைக்குப் போனவர். இறந்துவிட்டார் என்று தகவல் மட்டும் வந்தது, உடல் வரவில்லை. அப்போது என் அப்பா பள்ளிக்கூடப் பையன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் நீளமான ரொட்டி. பென்ஷனோடு பிரான்ஸிலிருந்து திரும்பி, ரெட்டியார்பாளையத்தில் தனியாகக் குடியிருந்த சொல்தா அவர்; பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

“உங்க அண்ணன்கூடப் பட்டாளத்துல இருந்தேன் தம்பி” என்றார். மில்லில் ஓவர்டைம் பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வந்தார். அம்மாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவர் கொண்டுவரும் ரொட்டியை எங்களைத் தொடவிடாமல் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள்.

“கூட இருந்தவன்னா நமக்கு நாலு கதை சொல்லணும். இவரு நம்மளயில்ல கேக்குறாரு?” என்றாள் அப்பாவிடம்.

அது உண்மைதான். பெரியப்பாவுக்கு மீன் பிடிக்குமா, எந்தச் சாமியைக் கும்பிடுவார், யாரையாவது கட்டிக்கொள்வதாக இருந்தாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். இறந்துபோன சொல்தாவுக்குச் சொந்தமென்று சொல்லிக்கொண்டு பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கு ஆட்கள் அலைந்த காலம் அது. இந்த ஆள் வேறு யாரையோ எங்கள் குடும்பத்துப் பிள்ளையாக ஜோடிக்கத்தான் விவரம் சேர்க்கிறார் என்றாள் எதிர்வீட்டு அக்கா. அதன்பிறகு நானும் அவர் பார்வை போகும் இடமெல்லாம் கவனித்தேன்.

ஒருநாள் அப்பாவே பேச்சுவாக்கில் கேட்பதுபோல, “எங்கண்ணன் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரு, இல்ல?” என்றார்.

“ஆமாமா. பேசிப் பேசியே எல்லாரையும் சிரிக்க வெச்சிடுவாரு.”

அப்பா எழுந்து நின்றார். “எங்கண்ணனுக்குத் திக்குவாய். நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசமாட்டாரு. யாருய்யா நீ?”

வந்தவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“உசுரோட நான் அவரைப் பாத்ததே இல்ல தம்பி. பொதைக்கிறப்பதான் பாத்தேன். பாண்டிச்சேரி ஆளு யாராவது இருக்கீங்களான்னு கேட்டாங்க, நான் போனேன். எந்த மதம்னு தெரியாது. எல்லாருக்கும் போல சிலுவை நட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க ஆசையா கையப் புடிச்சதும் வாயி வரல. அந்த முகம் யாரு, எப்பிடிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு.”

“போயிடுங்க” என்றார் அப்பா. அவர் போய்விட்டார். “நான் அப்பவே சொன்னேன்” என்று அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. அப்பாவுக்கு மனது ஆறவில்லை. ஒரு மத்தியானம் என்னையும் அழைத்துக்கொண்டு ரெட்டியார்பாளையத்துக்குப் பஸ் ஏறினார். அந்த மனிதர் துவைத்த துணியைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்பா உட்காரக்கூட இல்லை.

“எந்தப் பக்கம் தலை வெச்சுப் பொதச்சீங்க? தெக்கயா?”

எங்கள் வழக்கப்படி தெற்கே தலை வைத்ததாகச் சொல்லியிருந்தால் அப்பாவுக்குப் பெரிய ஆறுதல். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“மழை தம்பி. தெசையே தெரியல.”

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் பெரியப்பாவுக்கு முதன்முதலாகத் திதி கொடுத்தோம். உடல் வராததால் அதுவரை வீட்டில் யாருக்கும் மனம் துணியவில்லை. சொல்தாவும் வந்து சற்றுத் தள்ளி நின்றார். பிறகு சாகும்வரை எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பெரியப்பா ‘தண்ணி’ என்று சொல்வதற்குத் திக்கித் திணறியதையெல்லாம் அப்பா அவருக்கு நடித்துக் காட்டுவார்.

அம்மா மட்டும் கடைசிவரை நம்பவில்லை.

“பொய் சொல்லி மாட்டுன ஆளு, தெரியலன்னு சொல்லவும் கத்துக்கிட்டாரு” என்பாள்.