பாலேஸ்வரி அக்காவின் காளான் அறை

எங்கள் ஒழுங்கையில் பாலேஸ்வரி அக்காவின் காளான் அறைக்குள் போவது லேசான காரியமல்ல. முழங்கை வரை சவர்க்காரம் போட வேண்டும். பிறகு ஸ்பிரிட் தடவ வேண்டும். செருப்பு வெளியே, பேச்சும் வெளியே. கோயிலுக்குக்கூட நாங்கள் இவ்வளவு ஆயத்தம் செய்வதில்லை.

பிள்ளைகள் வெளிநாடு போனபின், பக்கத்துத் திருநெல்வேலியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் அக்கா இந்த வேலையைப் பழகினார். மரத்தூளும் தவிடும் கலந்து பொலித்தீன் பைகளில் அடைத்து, தண்ணீர் கொதிக்கும் இரும்புப் பரலில் அவித்து, ஆறியதும் மூடிய அறைக்குள் வைத்து வித்துப் போட வேண்டும். அந்த நேரம் கொஞ்சம் ஊத்தை பட்டாலும் காளானுக்குப் பதிலாகப் பச்சைப் பூஞ்சணம்தான் வரும். இதைக் கேட்டு வந்த நாளே வெங்காயம் போட்டு வைத்த அறையை ஒழித்து, சுண்ணாம்பு அடித்து, யன்னலுக்கு வலை கட்டினார். ஒரு பழைய அலுமாரியை மட்டும் அசைக்க முடியவில்லை. அதைப் பொலித்தீனால் மூடிவிட்டு, அதன் பக்கத்திலேயே வித்துப் போடும் மேசையை வைத்தார்.

அவருடைய கணவர் வாகீசன் அண்ணை, ஓய்வுபெற்ற பஸ் சாரதி, இனிப்புத் தொடக்கூடாத சீனி வருத்தக்காரர். குசினிப் பக்கம் ஒரு கோப்பை கழுவி அறியாத மனுசன், காளான் அறைக்கு மட்டும் ஒருநாளைக்குப் பலதரம் கை கழுவிக்கொண்டு போனார்.

"நீர் இரும், நான் பார்க்கிறன். உள்ளுக்கை சூடோ எண்டு பார்க்க வேணும்" என்பார்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் தொகுதிப் பைகளில் பச்சை படர்ந்தது. அதற்கு முதல் கிழமைதான் பக்கத்து வீட்டு இராசம்மா எட்டிப் பார்க்க வந்து, சவர்க்காரத்தைக் கையில் கொடுத்ததும் கோபித்துக்கொண்டு போயிருந்தார். "நானென்ன ஆசுப்பத்திரிக்கே வந்தனான்?" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சொன்ன வார்த்தை எங்களுக்கும் கேட்டது.

"கழுவாமல் கதவைத் தொட்டவ. உவதான் காரணம்" என்றார் வாகீசன் அண்ணை, கேட்க முதலே.

அக்கா இராசம்மாவோடு கதைப்பதை நிறுத்தினார். சாம்பிராணியை நிறுத்தினார். பூனையைத் துரத்தினார். அறையை மறுபடி கழுவி, புதுப் பைகளுக்கு வித்துப் போட்டார். அவையும் பச்சை. அதிலும் அலுமாரியை ஒட்டியிருந்த பைகள்தான் மோசம்.

கட்டையான அக்கா அன்றுதான் ஸ்டூல் வைத்து ஏறினார். அலுமாரிக்கு மேலே, பொலித்தீனுக்குக் கீழே, ஒரு பேக்கரிப் பை. உள்ளே சீனி தூவிய இரண்டு பணிஸ். பூனைக்குட்டி போலப் பச்சை மயிர் முளைத்துக் கிடந்தன.

"இஞ்சாருங்கோ!"

வாகீசன் அண்ணை வந்து வாசலில் நின்றார். முதல்தடவையாகக் கை கழுவ மறந்திருந்தார்.

"இது ஆற்றை பணிஸ்?"

"இரண்டை மறந்துபோனன்" என்றார் அவர். "மற்றதெல்லாம் சாப்பிட்டிட்டன்."

"வீட்டிலை வேறை இடம் கிடைக்கேல்லையோ?"

"இஞ்சைதான் எறும்பு வாறேல்லை. நீர் கை கழுவி ஸ்பிரிட் பூசி வாறதுக்கிடையிலை ஒரு பணிஸை ஆறுதலாய் முடிக்கலாம்."

அக்கா கோபப்படத்தான் ஸ்டூலிலிருந்து இறங்கினார். ஆனால் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, கோபத்தையும் குறையில்லாமல் பட்டார்.

அன்று பின்னேரமே இராசம்மாவின் படலையில் போய் நின்றார்.

"பிழை என்ரை வீட்டுக்கைதான் இருந்தது, இராசம்மாக்கா. குறை நினையாதையுங்கோ."

"அந்த மனுசன் பேக்கரிக்குப் போய்வாறதை நான் தினமும் பார்க்கிறனான்" என்றார் இராசம்மா. "நீ கதைச்சிருந்தாயெண்டால் சொல்லியிருப்பன்."

அலுமாரியை ஒழுங்கைக்காரர் நாங்கள் நாலுபேர் சேர்ந்து தூக்கி வெளியே வைத்தோம். அண்ணைக்கு அறை தடை. விறகு கொத்தி, பரல் எரிப்பது இப்போது அவர் வேலை. அந்த வேர்வையில் சீனியும் நன்றாக இறங்கியது என்று டொக்டர் சொன்னாராம்.

அடுத்த தொகுதி வெள்ளை வெளேரென்று கொத்துக் கொத்தாகப் பூத்தது. சுன்னாகம் சந்தையில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கப் போதவில்லை. இன்னுமொரு அறை வேண்டும் என்று அக்கா யோசித்தார். போன கிழமை வாகீசன் அண்ணையின் கட்டிலும் தொலைக்காட்சியும் விறாந்தைக்கு வந்துவிட்டன.