என் கைக்குத் திறக்காத கதவு

உதியன்குளங்கரையில் எங்கள் வீட்டை ஒட்டியே கணவரின் பட்டறை. மலிவான அகச்சிவப்பு கேமராவை வைத்து அதன் கதவுக்கு ஒரு பூட்டு செய்தார். உள்ளங்கையின் நரம்பைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டு திறக்கும். அவர் கை, என் கை, வேலைக்கு வரும் சுஜாவின் கை மூன்றையும் பதிந்திருந்தார்.

அன்று ஐஸ் மீனைக் கழுவிவிட்டு அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். என் கைக்குக் கதவு திறக்கவில்லை. பின்னால் வந்த சுஜா கையை வைத்ததும் திறந்தது. உள்ளே இருந்த அவரிடம் கேட்டேன்.

“எனக்க கைய அழிச்சிட்டு அவளுக்க கைய வச்சிருக்கியளா?”

அவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார்.

“ஐஸா தணுத்திருக்கு. தணுத்தா நரம்பு சுருங்கும், கேமராவுக்குத் தெரியாது. அதாக்கும்.”

கதவைச் சாத்திவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கி வைத்தேன். திறந்தது.

இப்போதெல்லாம் கையைத் தேய்த்துக்கொண்டுதான் போகிறேன். சுஜா வந்ததும் எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்ட நாரங்கா வெள்ளம் கொடுக்கிறேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கச் சொல்வேன்.