நிறை டீச்சர் போட்ட மதிப்பெண்

நிறை டீச்சரின் முன்னால் "எடை" என்ற சொல்லை யோசிக்காமல் சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவர். ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது நிறை, பூமி அதை எவ்வளவு இழுக்கிறது என்பது எடை. இரண்டையும் குழப்புகிறவர்களை அவர் மன்னித்ததே இல்லை. மருத்துவமனையில் ஒரு நர்ஸ், "எடை அறுபத்திரண்டு கிலோ" என்றபோது, "எடையைக் கிலோவில சொல்லக்கூடாதும்மா, நியூட்டன்ல சொல்லணும்" என்றார். "நியூட்டனா? அந்த டாக்டர் இங்க வர்றதில்லயே" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட்டார். பட்டப்பெயர் வைத்தது மாணவர்கள்தான். ஆனால் அதற்காகப் பாடுபட்டது டீச்சர்தான்.

ஆசிரியர்கள் தாங்களே உருவாக்கிய இயற்பியல் இணையதளங்களுக்கு மதிப்பெண் போடக் கல்வி அலுவலகம் இவரைத்தான் பிடித்தது. மொத்தம் முப்பத்தொன்று. நாற்பதுக்குக் குறைந்தால் தளத்தை மூடிவிடுவார்கள். படிவத்தைத் தயாரித்த அதிகாரிக்கு இயற்பியலோடு பகை கிடையாது, பழக்கமும் கிடையாது. வண்ணங்களுக்கு இருபது, அசையும் படங்களுக்கு இருபது, தலைமையாசிரியரின் படத்தோடு வாழ்த்துச் செய்திக்குப் பதினைந்து என்று வாரி வழங்கியிருந்தார். பாடம் சரியாக இருக்கிறதா என்பதற்கு, போனால் போகிறது என்று, ஐந்து. கடைசியில் இரண்டு கட்டங்கள்: நிறைகள் எத்தனை, குறைகள் எத்தனை. முதலாவதைக் கம்ப்யூட்டர் கூட்டும், இரண்டாவதைக் கழிக்கும்.

சனிக்கிழமை காலையில் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தார். முதல் தளத்தில் ஒரு ராக்கெட் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அதன் வாலில் "பையின் எடை ஐந்து கிலோ" என்று மினுமினுத்தது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்பத்தெட்டு போட்டார். படிவக் கணக்கு அப்படித்தான் வந்தது. இன்னொன்றில் ஓம் விதியைவிடத் தலைமையாசிரியரின் மீசை பெரிதாக இருந்தது. தொண்ணூற்றொன்று.

முப்பத்தொன்றாவது தளத்தில் ராக்கெட்டும் இல்லை, மீசையும் இல்லை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. தட்டுத்தடுமாறிப் பதினெட்டு தேறியது. அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு, "வகுப்பில் நான் தப்பாகச் சொன்னவை". தேதி போட்டு இருபத்தேழு தப்புகள். அடுத்தவர் தப்பு என்றால் டீச்சருக்குப் பசி தெரியாது. ஆசையாகப் படித்துக்கொண்டே வந்தவர் பத்தொன்பதாவதில் நின்றுவிட்டார்.

"விமான இறக்கையின் மேலே போகும் காற்று, கீழே போகும் காற்றை மறுமுனையில் சந்திப்பதற்காக வேகமாக ஓடுகிறது என்று சொன்னேன். தப்பு. சேர்ந்து போக வேண்டும் என்று காற்றுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. மேலே போவது முன்னதாகவே போய்விடுகிறது."

டீச்சர் இருபத்திரண்டு வருடமாக இரண்டு கையையும் இறக்கைபோல விரித்துச் சொல்லிவந்த பாடம் இது. நூலகத்துக்குப் போய்க் கனமான புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுகூட அவர் பக்கம் பேசவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

மாலையில் அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். "குறைகள்ல இருபத்தேழு போடுங்க மேடம். மைனஸ் ஒன்பது வரும். மூடிடலாம்."

"அதெல்லாம் அவரே திருத்தினது சார்."

"அவரே ஒத்துக்கிட்டாரே மேடம். மத்த முப்பது பேர்ல யாராவது தப்பு பண்ணினேன்னு சொல்லியிருக்காங்களா?"

முப்பதில்லை, தன்னோடு சேர்த்து முப்பத்தொன்று என்று டீச்சருக்கு உறைத்தது. இருபத்தேழை நிறைகள் கட்டத்தில் அடித்து, அனுப்பிவிட்டார். மொத்தம் நாற்பத்தைந்து என்று திரையில் வந்தது.

"கட்டம் மாறிடுச்சு மேடம்."

"மாறல சார். நிறைன்னா என்னன்னு எனக்குத் தெரியும்."

அதிகாரி அழிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒருமுறை அனுப்பிவிட்டால் எந்தத் தப்பையும் திருத்த முடியாதபடி படிவத்தைச் செய்து வைத்த புண்ணியவானும் அவர்தான்.

திங்கட்கிழமை டீச்சர் கரும்பலகையில் "நான் தப்பாகச் சொன்னவை" என்று எழுதி, ஒன்று என்று எண் போட்டு, இறக்கைக் கதையைச் சொன்னார்.

"எங்கம்மாவும் உங்ககிட்டதான் படிச்சாங்க டீச்சர்" என்றாள் முன்பெஞ்சுப் பெண். "அவங்களுக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?"

"அவளுக்கும்தான். டீச்சர் தப்பா சொல்லிட்டாங்களாம்னு வீட்டுக்குப் போனதும் சொல்லிடும்மா."

பிறகு இரண்டு என்று எண் போட்டுவிட்டு, "வேற ஏதாவது இருக்கா?" என்று திரும்பினார்.

ஏழு கைகள் உயர்ந்திருந்தன.