நிக்கிறது அவ, பேசுறது நானு

ஓட்டுக் கேட்பவர்களை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது உட்காரச் சொல்வார்கள். அவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று கேட்கப் போகிற எங்களைப் பார்த்தால் நாய் மட்டும்தான் எழுந்து வரும். கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து நொந்த சக ஆய்வாளர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறேன். பெண்கள் எப்படித் தேர்தல் பிரச்சாரம் செய்கிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. அந்த வருஷம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பெண் வேட்பாளர் தன் வாயால் ஓட்டுக் கேட்பதை நான் பதிவு செய்ய வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஆய்வை மூட்டை கட்டிவிடலாம் என்று எங்கள் துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

நாற்பது கேள்வி

பூம்பாறைக்கு மேலே ஒரு ஊரில் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பூண்டு போடுகிற குடும்பத்துச் செல்வராணி நின்றார். அவர் வீட்டுக்குப் போய் நாற்பது கேள்வியையும் அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன். நாற்பதுக்கும் பதில் வந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் முத்துப்பாண்டியிடமிருந்து. அரசியல் ஆர்வம் எப்போது வந்தது என்றால், பள்ளிக்கூடத்தில் லீடராக இருந்த கதையைச் சொன்னார், தன்னுடையதை. பெண்ணாக இருப்பதால் ஏதாவது சிரமம் உண்டா என்றதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

அதற்குள் செல்வராணி எனக்கு இரண்டு தடவை காபி போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. வேட்பாளர் நீங்களா, அவரா என்று முத்துப்பாண்டியிடமே கேட்டுவிட்டேன். மனுஷனுக்குக் கோபமே வரவில்லை.

"நிக்கிறது அவதான் மேடம். பேசுறது மட்டும் நானு."

ஆதார் படம்

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டியிருந்தார்கள். கும்பிட்டபடி ஆளுயரத்துக்கு முத்துப்பாண்டி. மூலையில் தபால்தலை அளவுக்குச் செல்வராணி. நடுவில் சின்னம், அந்தக் குளிரில் யாரும் போடாத கத்தரிக்காய். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இது பிம்ப அரசியல், பெண்ணைச் சின்னதாக்கும் சதி என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன்.

கொடைக்குத் திரும்பியதும் பேனர் அடித்த கடைக்காரரைத் தேடிப் பிடித்து, எந்த எண்ணத்தில் இப்படி வைத்தீர்கள் என்று மடக்கினேன். அவர் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து காட்டினார்.

"அந்தம்மாவுக்கு ஆதார்ல இருக்க போட்டோதான் குடுத்தாங்க மேடம். அதப் பெருசாக்குனா சனம் பயந்துரும்."

பூண்டுக்காடு

இரண்டு வாரம் அவர்களுடைய பிரச்சார ஜீப்பின் பின்னாலேயே போனேன். மைக்கில் முத்துப்பாண்டி முழங்குவார். அவர் பக்கத்தில் செல்வராணி கைகூப்பி நிற்பார். எத்தனை வளைவு, எத்தனை குழி, கூப்பிய கை பிரியவே இல்லை, வாயும் திறக்கவில்லை. என் ரெக்கார்டர் முழுக்க முத்துப்பாண்டிதான். ஆய்வு போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருநாள் வெள்ளனே போய்விட்டேன். ஜீப் கிளம்பியிருக்கவில்லை. செல்வராணி எங்கே என்று கேட்டால், தோட்டத்தில் சோலி கிடக்கிறது, போயிருக்கிறாள் என்றார் கணவர். சரி, போய்ப் பார்ப்போமே என்று இறங்கினேன். அது அவர்கள் தோட்டமே இல்லை. அந்த ஊரில் பூண்டு பிடுங்குவதற்குப் பெண்கள் மாற்றாளாகப் போவார்கள், இன்றைக்கு உன் காட்டில், நாளைக்கு என் காட்டில். இருபது பெண்கள் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் செல்வராணி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். மேட்டுத்தெருவுக்குக் குழாய் ஏன் வரவில்லை, பஸ் ஸ்டாப்பில் கக்கூஸ் எங்கே கட்டலாம், ரேஷன் கடையை எந்தக் கிழமை திறக்கச் சொல்லலாம் என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறார், அவர்கள் சொல்வதை எதிர்த்துச் சண்டையும் போடுகிறார். தினமும் ஒரு காட்டுக்கு இப்படிப் போய்வந்துதான் ஜீப்பில் ஏறியிருக்கிறார். நான் கவனித்ததெல்லாம் ஜீப்பை மட்டும். டாக்டர் பட்டம் வாங்கியவள் நான்!

சும்மா நிற்க விடவில்லை, எனக்கும் பிடுங்க ஒரு சால், ஒரு வரிசைப் பூண்டு, கொடுத்துவிட்டார்கள். மதியம்வரை பிடுங்கினேன், நகமெல்லாம் மண். ரெக்கார்டர் இடுப்பில் ஓடிக்கொண்டிருந்தது. இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று செல்வராணியைக் கேட்டேன். பூண்டுத் தாளில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"மைக்குன்னா அவருக்கு உசுரு டீச்சர். வச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன்."

கேள்வி நேரம்

செல்வராணி ஜெயித்தார். அந்தக் காட்டுப் பதிவால் என் ஆய்வும் பிழைத்தது. எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் அதைப் படித்தேன். அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தேன். முத்துப்பாண்டியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்து முடித்ததும் ஒரு மாணவி என்னிடம் கேள்வி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் துறைத்தலைவர் மைக்கை எடுத்து, மேடம் சார்பில் நானே சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். அவருக்குப் பூம்பாறை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இரண்டாவது கேள்விக்கும் அவரேதான். மைக்கைப் பிடுங்கத் தோன்றியது. ஆனால் குனிந்து பார்த்தால், என் இரண்டு கையும் தானாகக் கூப்பியிருந்தது.

மூன்றாவது கேள்விக்கு அவர் தொண்டையைக் கனைத்தபோது மேடையில் செல்வராணி எழுந்துவிட்டார். மைக்கைக் கேட்டு வாங்கவில்லை. காட்டில் பேசுகிற அதே குரல், கடைசி வரிசைவரை கேட்டது.

"சார், எங்க காட்டுல பூண்டு புடுங்குனது டீச்சர்தான். அவுகளே சொல்லட்டுங்க."

அரங்கம் சிரித்தது, துறைத்தலைவர் மைக்கை நீட்டினார், முதல் இரண்டு வரி திக்கினாலும் மூன்றாவதிலிருந்து நானே பேசினேன். செல்வராணி மேடையில் பேசியதாக என்னிடம் பதிவாகியிருப்பது அந்த இரண்டு வாக்கியம்தான், அதிலும் அவர் ஓட்டுக் கேட்டது எனக்காக.